மஞ்சள் ஊசி

போன வாரம் அந்த வீட்டை விட்டு நாம் கிளம்பியபோது அம்மா பெட்டியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வாரமும் அதையேதான் செய்கிறாள். பெட்டி என்ன செய்யும் பாவம், பூட்டு தளர்ந்துபோய் ஒரு கயிற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவள் உள்ளூரில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சின்னவன் கடல் கடந்து ஒரு மரம் அறுக்கும் ஆலைக்கு மெக்கானிக்காகப் போனான். போன இடத்தில் லாரியிலிருந்து உருண்ட மரம் அவன் நெஞ்சின் மேல் விழுந்தது. இப்போது அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், மெஷின் மூச்சு விட, கண் திறக்காமல் கிடக்கிறான்.

வீட்டிலிருந்து ஒருவர் வரலாம், டிக்கெட்டும் விசாவும் எங்கள் பொறுப்பு என்றது கம்பெனி. ஒரே ஒரு நிபந்தனை. வருகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கான அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் விமான நிலையத்து வாசலைக்கூடத் தாண்ட விடமாட்டார்கள், வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள்.

அந்தப் பத்து நாளை நான் மூன்று வாரமாக எழுதிவிட்டேன் என்று வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவள் கழித்த பத்து நாள் அதைவிட நீளம், ஐயா.

ஒருவழியாக நேற்றோடு அது முடிந்தது. நேற்றும் ஆலை ஃபோர்மேன் கூப்பிட்டார். நம் பாஷைக்காரர், நல்ல மனுஷன். தினமும் ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு கையால் சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஃபோனை அவன் காதில் வைப்பார். அம்மா இங்கிருந்து பேசுவாள். தினமும் ஒரே பேச்சுதான். அம்மா வந்துட்டே இருக்கேன்டா, ஊசி போட்டாச்சு, நாள் கழியணும், அவ்வளவுதான். நேற்று அவள் பேசி முடித்த பிறகும் ஃபோர்மேன் ஃபோனை வைக்கவில்லை. வருவதாக இருந்தால் இந்த வாரத்துக்குள் வந்துவிடச் சொல்கிறார்கள் டாக்டர்கள் என்றார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே.

நாளை மறுநாள் விமானம். இன்று ஒரே ஒரு வேலை பாக்கி. ஊசி போட்டாயிற்று, அட்டை வாங்க வேண்டும்.

காலையில் அம்மா, பெரியவள், மருமகன் மூன்று பேரும் மருமகனின் வண்டியில் கிளம்பினார்கள். தண்ணீர் கேன் போடும் மூன்று சக்கர வண்டி. காலி கேன்கள் பின்னால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. பெரியவளின் கணவனுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அவசரம். வாசலில் கேனை இறக்கிவிட்டு மணியை அழுத்துவான், கதவைத் திறப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பான். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் “தெரியும், தெரியும்” என்று பாதியிலேயே வாங்கிக்கொள்வான். கெட்டவன் இல்லை. மாமியாருக்குத் தலைவலி என்றால் மாத்திரைக்கு ஓடுகிற முதல் ஆள் அவன்தான்.

ஊசி வேலையையும் அப்படித்தான் தன் தலையில் போட்டுக்கொண்டான். செய்தி வந்த அன்றைக்கே, கம்பெனி ஏஜெண்ட் ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்திலேயே, அத்தையை வண்டியில் ஏற்றித் தெருமுனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கூட்டி வந்துவிட்டான். வீட்டில் மற்றவர்கள் அழுது முடித்திருக்கவில்லை. அதைப் பத்து நாளும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் அம்மா. மாப்பிள்ளை மட்டும் அன்றைக்கே ஓடியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள், கேட்க ஆளில்லாதபோது பெட்டியிடமும் சொன்னாள்.

இப்போதும் வண்டியில் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அவசரம் கூச்சத்தோடு ஹாரன் அடித்தான்.

துறைமுகத்துக்கு எதிரே, பழைய கட்டிடத்தின் மாடியில் இருக்கிறது அந்த அரசாங்கத் தடுப்பூசி நிலையம். சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட். ஒரு நீளப் பெஞ்சு, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அதன் கதவில் “சும்மா திறக்காதீர்கள்” என்று ஒட்டிய காகிதம். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பல பேருக்குப் போட்டாக வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான். அதனால் ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பெஞ்சில் வியாபாரிகள் இரண்டு பேர், கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு ஜோடி, சீருடையில் ஒரு கப்பல் எஞ்சினியர்.

அட்டை மட்டும்தானே, நாங்கள் ஊசி போட்டவர்கள்தானே என்று அவசரம் வரிசையைத் தாண்டி உள்ளே தலையை நீட்டினான். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அவர்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் ஓர் இளம் டாக்டர் இருந்தாள். அவள் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூக்குத் தாங்கி ஒன்று விழுந்துவிட்டது என்று பெரியவள் பார்த்தவுடனே கண்டுபிடித்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்குதான் கண்ணில் படும்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை டாக்டர் அம்மாவிடமும் கேட்டாள். வயது என்ன, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, முட்டை ஒத்துக்கொள்ளுமா. அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். முட்டை நன்றாக ஒத்துக்கொள்ளும், ஆனால் இந்தப் பத்து நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை என்றாள்.

இவர்களுக்கு ஊசி போட்டாகிவிட்டது, சீல் குத்தி அட்டை கொடுத்தால் போதும் என்று அவசரம் குறுக்கே விழுந்தான். எங்கே போட்டது என்று டாக்டர் கேட்டாள். தெருமுனைக் கிளினிக்கில் என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊசி அங்கேயெல்லாம் வராதே என்றாள். வந்தது, நானே கூட நின்றேன் என்றான் அவசரம்.

டாக்டர் அவனை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

“ஒரே ஊசிதானாம்மா?”

“இப்ப ஒண்ணு போட்டாங்கம்மா. ரெண்டாவது அடுத்த மாசம் போடணும்னு நர்ஸ் சொல்லுச்சு. பையனைப் பாத்துட்டு வந்து போட்டுக்கறேன்னு சொல்லிட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடி மேசை மேல் வைத்தாள். “அங்க போய் என்ன ஊசின்னு கேட்டீங்க?”

“மஞ்ச ஊசின்னு கேட்டேன்,” என்றான் அவசரம். “வெளிநாட்டுக்குப் போறாங்க, மஞ்ச ஊசி போட்டு விடுங்கன்னேன்.”

“அவங்க போட்டது மஞ்சள் காமாலைக்குங்க. இது வேற. இது மஞ்சள் காய்ச்சல்.”

“மஞ்சள்னா…” என்று ஆரம்பித்தான் அவசரம்.

யாரைக் குறை சொல்வது, சொல்லுங்கள். மஞ்சள் என்று ஆரம்பித்தால் நம் வாயில் காமாலை என்றுதான் முடியும். பிறந்த குழந்தையிலிருந்து குடிகாரச் சித்தப்பா வரைக்கும் எல்லா வீட்டிலும் வந்துபோகிற வியாதி அது. மஞ்சள் காய்ச்சல் நம் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது, அதற்கு நம் வாயில் வழங்கும் பேரும் கிடையாது. அன்றைக்கு ஏஜெண்ட் ஃபோனில் “மஞ்சள்” என்றார். “காய்ச்சல்” என்பதற்குள் நம் ஆள் “தெரியும், தெரியும்” என்று ஃபோனை வைத்துவிட்டான். கிளினிக்கில் இருந்தவர்களும் கேட்ட பாதியை வைத்துத் தாங்களாகவே மீதியை முடித்துக்கொண்டார்கள். கேட்டதைக் கொடுத்தார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லாமல் ஒரு வீடு நாசமாய்ப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

காமாலை ஈரலில் வருவது, இது கொசுவால் வருவது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினாள். அந்த ஊசிக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்றாள். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவள் காதில் அது எதுவும் ஏறவில்லை என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் வலது கை, ஊசி போட்ட இடது தோளை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. பத்து நாளாக அந்த இடத்தை அவள் அப்படித்தான் தடவிக்கொண்டிருந்தாள், அங்கேதான் மகன் இருக்கிறான் என்பது மாதிரி.

“அப்ப இந்தப் பத்து நாளும் சும்மாவாம்மா?” என்று டாக்டரிடம் கேட்டாள் அம்மா.



பெரியவள் முன்னால் வந்தாள். இன்றைக்கு ஊசியைப் போட்டு, தேதியை மட்டும் பத்து நாளுக்கு முந்தியதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். தம்பியின் நிலைமையைச் சொன்னாள். டாக்டரின் காலைப் பிடிக்கவும் தயார் என்கிற குரலில் சொன்னாள். வாழ்க்கையில் யாரிடமும் ஒரு பைசாக்கூடப் பேரம் பேசத் தெரியாதவள் அவள்.

“எழுதிக் குடுத்துடலாம்மா. ஆனா அங்க கொசு கடிச்சா காப்பாத்தப் போறது ஊசிதான், சீல் இல்ல. ஊசி வேலை செய்ய அத்தனை நாள் ஆகும். அம்மாவையும் சேத்துப் படுக்க வெக்கணுமா?”

பெரியவள் டாக்டரின் சாய்ந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படலாம் என்றால் கோபம் வரவில்லை. அந்தப் பெண் சொல்வது சரி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் வீட்டில் வேறு யாராவது ஏற்கனவே இந்த ஊசி போட்டிருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டாள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், எவ்வளவு பழைய அட்டையானாலும் செல்லும். கப்பலில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். அப்படி யாராவது இருந்தால் அவர் இன்றைக்கே கிளம்பலாமே என்றாள்.

மூன்று பேரில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லியாக வேண்டும்.

அம்மா புடவையைத் தோளிலிருந்து விலக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “எனக்குப் போட்டு விட்டுடும்மா. நான் அப்புறமாவது போறேன்,” என்றாள்.

போட்டார்கள். ஒரு மஞ்சள் அட்டையும் கொடுத்தார்கள். இன்ன தேதியிலிருந்து செல்லும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தேதியைப் பெரியவள் படித்துச் சொல்லப் போனாள். வேண்டாம், இந்தத் தடவை நான் எண்ணப் போவதில்லை என்றாள் அம்மா.

ஊசி போட்ட பிறகு மயக்கம் வருகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது அங்கே வழக்கம். பெஞ்சில் அம்மாவும் பெரியவளும் உட்கார்ந்திருந்தார்கள். அவசரம் மாடிப்படியில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். எஞ்சினியர் தன் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொண்டு போனார். அம்மாவின் கண் அவர் முதுகின் பின்னாலேயே போனது.

“அந்த மனுஷன்கிட்ட இருக்கும்,” என்றாள்.

அந்த மனுஷன் யார் என்று பெரியவள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அம்மாவின் புருஷன். கப்பலில் சமையல்காரர். அவர்கள் வீட்டுக்குத் தெருவில் இன்றைக்கும் கப்பல் வீடு என்றுதான் பேர். ஒரு வருஷம் கப்பலை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. ஊரின் இன்னொரு மூலையில் இன்னொருத்தி வீட்டுக்குப் போனார். சண்டை கிடையாது, காரணம் கிடையாது, போனார், அவ்வளவுதான். அதுவும் நிலைக்கவில்லை. இப்போது துறைமுகக் கிடங்கு ஒன்றின் கேன்டீனில் சமைத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே ஓர் அறையில் தனியாகக் கிடக்கிறார். அம்மா அவரோடு பேசிப் பல வருஷமாகிறது. அவர் பேச்சை எடுத்தால் எடுத்தவரோடும் பேசமாட்டாள்.

சின்னவன் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு அவர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றார். கையில் ஒரு ஸ்வெட்டர். சின்னவன் அதை வாங்கவில்லை. “செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அத்தனை பேர் முன்னால் சொன்னான். அம்மாவும் கேட்டாள், பெரியவளும் கேட்டாள். அன்றைக்கு அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிள்ளை தன் பக்கம் நிற்கிறான் என்கிற சந்தோஷம்.

“அவன் ஒத்துக்க மாட்டான்மா,” என்றாள் பெரியவள்.

அம்மா எழுந்துவிட்டாள். மயக்கம் எதுவும் வரவில்லை என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

படியில் அவசரம் முழங்கால்களுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டிருந்தான். பெரியவள் அவனைத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். அம்மாதான் நின்றாள். வண்டியை எடுங்கள் மாப்பிள்ளை, அழுவதற்கு எல்லோருக்கும் அப்புறம் நேரம் இருக்கிறது என்றாள். அவன் எழுந்து, சாவியை மாட்டுவதற்கே அத்தனை நேரம் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு அவன் ஓட்டியதைத் தெருவில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள். சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. இப்போது போகலாம் மாப்பிள்ளை என்று அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

கேன்டீன் கிடங்கின் பின்பக்கம். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கி மின்விசிறி ஓடிய ஓட்டத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஜன்னலுக்குக் கீழே, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து ஒரு கிழவர் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பெரியவளுக்கே அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உடம்பு பாதியாகியிருந்தது.

நான் போய்ப் பேசுகிறேன் என்று பெரியவள் நகர்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் மகன் விஷயம், தானே பேசுவாள்.

ஆனால் கூப்பிட வேண்டுமே. அங்கேதான் அம்மா மாட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவரை அந்த மனுஷன் என்றாள், கப்பல்காரர் என்றாள், கோபம் மூக்குக்கு மேல் ஏறும்போது வேறு என்னென்னவோ என்றாள். எல்லாம் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே அவரைக் கூப்பிட அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை அவள் தலைமுழுகி எத்தனையோ வருஷம். வாசலில் நின்று வாயைத் திறந்தாள், மூடினாள். மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் நிமிரவில்லை.

“ஏங்க,” என்றாள் அம்மா.

அத்தனை இரைச்சலிலும் அவர் கையிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது.

உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், மரம் விழுந்ததிலிருந்து மஞ்சள் ஊசி வரைக்கும். அழாமல் சொன்னாள். மருமகன் பெயரை எடுக்கவில்லை, ஊசி மாறிப்போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். வாசலுக்கு வெளியே நின்ற அவசரம் அதைக் கேட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கிழவருக்கு விபத்துச் செய்தி ஏற்கனவே வந்திருந்தது. துறைமுகத்தில் எந்தச் செய்திதான் காதுக்கு வராமல் நிற்கும். தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை வந்து திரும்பிவிட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வந்திருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. வந்திருந்தால் துரத்தியிருப்பார்கள், அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். பாஸ்போர்ட் நடப்பில்தான் இருந்தது. கப்பலை விட்டாலும் கப்பல்காரர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது. நடுவில் மஞ்சள் அட்டை. நிறம் போய், மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. பெரியவள் இரண்டையும் படம் எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பினாள். அட்டை செல்லும், விசாவை அங்கே இறங்கியதும் கம்பெனி வாங்கிக் கொடுத்துவிடும், இந்தப் பேரிலேயே டிக்கெட் போடுகிறேன், இன்று ராத்திரியே கிளம்ப முடியுமா என்று உடனே பதில் வந்தது.

அதைப் படித்துக் காட்டியதும் கிழவர் மறுபடி வாளியின் மேல் உட்கார்ந்தார். அட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவன் என் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனான்,” என்றார்.

“சொன்னான்.”

“நான் போய் அங்க உக்காந்திருந்தா… கண்ணைத் திறக்கறப்ப எதிர்ல நான்தான் இருப்பேன். வேற யாரும் இல்ல.”

“இருங்க,” என்றாள் அம்மா. “உங்க முகத்துலயே முழிக்கட்டும். முழிச்சு, உங்களை வெளிய போடான்னு திட்டட்டும். என் புள்ள முழிச்சா போதும் எனக்கு.”

பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது.

கிழவர் எழுந்து பையில் துணிகளை அடைக்க ஆரம்பித்தார். சுவரில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், அதையும் உள்ளே வைத்தார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, போய்விட்டு வந்தால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள் என்றாள். நினைக்கவில்லை என்றார் அவர். அவனுக்கு முகத்தை ஈரத்துணியால் துடைத்து விடுங்கள், உதடு காய்ந்திருக்கும், தண்ணீர் தொட்டு வையுங்கள், இடது காதில்தான் பேச வேண்டும், வலது காது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மந்தம் என்றாள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் வீட்டில் இருந்ததில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்போது ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். ஃபோர்மேன்.

இதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. இத்தனை நாளும் அம்மா வருகிறேன், அம்மா வருகிறேன் என்று அந்தக் காதில் ஓதியிருக்கிறாள். இன்றைக்கு என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம், வழக்கம்போலப் பேசிவிடு என்று பெரியவள் சைகை காட்டினாள். அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். அங்கே மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் குறைவு.

காதில் வெச்சுட்டேன், பேசுங்கம்மா என்றார் ஃபோர்மேன். அந்தப் பக்கம் மெஷின் மூச்சு விடுவது கேட்டது. உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே.

“தம்பி,” என்றாள். “அம்மா வரலடா. ஒரு தப்பு நடந்துபோச்சு. அம்மாவுக்கு இன்னும் நாளாகும். பொய் சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்பா வராருடா.”

மெஷின் மூச்சு விட்டது. இன்னொரு தடவை விட்டது.

பிறகு ஏதோ தடதடவென்று சத்தம். ஃபோன் கைமாறி ஃபோர்மேனின் குரல் பதறிக்கொண்டு வந்தது. “அம்மா, அவன்கிட்ட இப்ப என்ன சொன்னீங்க? நான் பிடிச்சிருந்த கையை வெடுக்குனு உருவிக்கிட்டாம்மா. இத்தனை நாள்ல விரல்கூட அசைஞ்சதில்ல. இருங்க, நர்ஸைக் கூப்பிடறேன்.” ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டு, தொடர்பு அறுந்தது.

அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கேட்டுவிட்டான். இத்தனை நாள் அவள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். வருகிறேன் வருகிறேன் என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் காத்திருந்திருக்கிறான். அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது. செத்துப் பிழைத்த உடம்பில் முதலில் வந்து சேர்ந்தது அந்தப் பழைய கோபம்தான்.

திரும்பினாள். கிழவர் பையோடு பின்னாலேயே நின்றார். செருப்பு மாட்டியாகிவிட்டது.

“நான் வர்றேன்னு அவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன ஆச்சு?”

அம்மா அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

“கையை அசைச்சானாம்,” என்றாள்.

அவர் வாய் கோணிக்கொண்டது. “நான் வர்றேன்னதும் அசைச்சானா?”

“ஆமா. நீங்க வர்றீங்கன்னு சொன்னதும்தான்.”

கிழவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.